விளையாடத் தெரிந்த பெரியவர்கள் வேண்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் சுகாதாரம் பற்றி ஓர் உரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் என்று மூன்று தலைப்புகளை அவரே முன்வைத்தார். மூன்றும் எங்கள் வயதுக்கு வேண்டியவைதான். ஆனால் நான் சிறுபிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் வைத்தியர். எனது வேலைநாளின் பெரும்பகுதி இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளோடு பாயில் இருந்தபடி கழிகிறது. எனவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். பெற்றோரையும் ஆசிரியைகளையும் சேர்த்துக்கொண்டு செய்யும் விளையாட்டுவழிச் சிகிச்சைதான் அது. அம்மா, அம்மம்மா, சித்தி, மாமி, ஆசிரியை என்று இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

கிளினிக்குக்கு வரும் பெற்றோர் சொல்லும் முறைப்பாடுகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். "டொக்டர், இவனுக்கு எல்லாம் விளங்குது, ஆனால் கதைக்கிறானில்லை." "பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாளில்லை." "முன்பள்ளியிலை மற்றப் பிள்ளையளைக் கடிக்கிறான் எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம்." "இரவிலை படுக்கையை நனைக்கிறாள், முந்தி அப்பிடி இல்லை." இவற்றைச் சொல்லிவிட்டு, ஒரு பாணி மருந்தோ ஒரு ஸ்கானோ எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்து எனது முகத்தைப் பார்ப்பார்கள். நான் பிள்ளையைப் பரிசோதித்து, கேட்கும் திறனைப் பார்ப்பதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டிலே பிள்ளையோடு யார் விளையாடுவது?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. சிலவேளை "விளையாட்டுச் சாமான் நிறைய இருக்கு டொக்டர்" என்ற பதில் வரும். நான் கேட்டது ஆளை. பதிலில் வருவது சாமான்.

விளையாட்டு என்றால் படிப்பு முடிந்தபின் மிஞ்சும் நேரத்தில் செய்வது என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். சிறுபிள்ளைக்கு அது அப்படியல்ல. ஆறு மாதக் குழந்தை அம்மாவின் சேலைத் தலைப்புக்குப் பின்னால் முகத்தை ஒளித்து எட்டிப் பார்க்கும்போது, மறைந்த ஆள் திரும்பி வருவார் என்பதைப் படிக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை சிரட்டையில் மண் நிரப்பி "சோறு" என்று நீட்டும்போது, ஒரு பொருள் இன்னொரு பொருளைக் குறிக்கலாம் என்பதைக் கண்டுகொள்கிறது. சொல் என்பதும் அதுதானே! ஓர் ஒலி ஒரு பொருளைக் குறிக்கிறது. மண்ணைச் சோறாக்கத் தெரிந்த பிள்ளை மொழியின் வாசலில் நிற்கிறது. அதனால்தான் ஒரு பிள்ளை எப்படி விளையாடுகிறது என்பதைப் பார்த்தே வளர்ச்சியைப் பற்றிப் பலவற்றை எங்களால் சொல்ல முடிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. "எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பாவை நினைத்துக் கவலையாக இருக்கிறது" என்று நாலு வயதுப் பிள்ளை வந்து சொல்லாது. அதற்கு வேண்டிய சொற்கள் இன்னும் அதனிடம் இல்லை. ஆனால் அதே பிள்ளை பொம்மைகளைக் கொண்டு அதை நடித்துக் காட்டிவிடும். பெரியவர்கள் வாயால் கதைத்து ஆறுவதைப் பிள்ளைகள் கையால் விளையாடி ஆறுகிறார்கள்.

இதை மேற்கு நாட்டு வைத்தியர்கள் சிகிச்சையாக வளர்த்தெடுத்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகிறது. எங்கள் சங்கத்தின் வயதுதான். மாகிரட் லோவன்ஃபெல்ட் என்ற பெண் வைத்தியர் 1928இல் இலண்டனில் ஒரு சிறுவர் கிளினிக்கை ஆரம்பித்தார். மணல் தட்டையும் சிறுசிறு வீடுகள், மனிதர்கள், மிருகங்களையும் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் அமைக்கும் உலகத்தைப் பார்த்து அவர்களின் மனத்தை விளங்கிக்கொண்டார். அமெரிக்காவில் வேர்ஜீனியா அக்ஸ்லைன் 1947இல் விளையாட்டுச் சிகிச்சை பற்றி ஒரு நூலை எழுதினார். பிள்ளையே வழிகாட்டட்டும், பெரியவர் பின்தொடரட்டும் என்பது அவருடைய கொள்கை. 1960களில் பேர்னாட் கேர்ணி, லூயிஸ் கேர்ணி தம்பதியர் அடுத்த படிக்குப் போனார்கள். சிகிச்சையாளர் செய்வதைத் தாய் தகப்பனுக்கே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று கேட்டு, அப்படியே செய்தும் காட்டினார்கள். 2005இல் சூ பிரற்றனும் அவரது குழுவினரும் 93 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விளையாட்டுச் சிகிச்சை பயன் தருகிறது என்பதோடு, பயிற்சி பெற்ற பெற்றோர் தாமே நடத்தும்போது பயன் இன்னும் கூடுதலாக இருக்கிறது என்றும் கண்டார்கள்.

இந்த முடிவு எங்களைப் போன்ற நாட்டுக்கு மிகவும் முக்கியமானது. கணக்கைப் பாருங்கள். நெடுந்தீவிலிருந்து ஒரு தாய் பிள்ளையைக் கொண்டு வருவதென்றால் விடியப்புறம் எழும்பி, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வரவேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். வந்தாலும் மாதத்தில் ஒருமுறை அரை மணித்தியாலம்தான் பிள்ளை என்னிடமோ, பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமோ, தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ இருக்கும். மிச்ச நேரமெல்லாம் வீட்டிலும் முன்பள்ளியிலும்தான். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். அதில் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தைத் தாயும் தகப்பனும் பேத்தியும் ஆசிரியையும் வைத்திருக்கிறார்கள். மாதத்தில் அந்த அரை மணித்தியாலத்தில் நான் பிள்ளையோடு மட்டும் விளையாடி அனுப்பினால், நனைந்த விறகை ஊதுவதுபோலத்தான் முடியும். அதே நேரத்தில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தால், அடுப்பு வீட்டிலேயே எரியும்.

எங்கள் நாட்டில் இதன் தேவை சிறியதல்ல. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. தாமதமாகக் கதைக்கும் பிள்ளைகள், துருதுருவென்று ஓரிடத்தில் நில்லாத பிள்ளைகள், மனம் நொந்த பிள்ளைகள் இதற்கு வெளியே. இவர்கள் எல்லோருக்கும் போதிய சிகிச்சையாளர்கள் எந்த நாட்டிலும் இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதமுள்ள 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஒரு பயிற்சியைத் தயாரித்திருக்கிறது. ஒன்பது குழு அமர்வுகள், மூன்று வீட்டுத் தரிசிப்புகள். நிபுணர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று அதை நடத்தலாம். அதன் நடுவில் இருப்பதும் விளையாட்டும் அன்றாட வீட்டு வேலைகளும்தான்.

சரி, அம்மா என்ன செய்யவேண்டும்? நான் கிளினிக்கில் சொல்லுவதை அப்படியே இங்கேயும் சொல்கிறேன்.

ஒரு பாய், ஒரு பெட்டி, அரை மணித்தியாலம். பெட்டிக்குள் இரண்டு சிரட்டை, ஓர் அகப்பை, சின்னச் சட்டி பானை, துணியால் தைத்த அம்மா அப்பா பிள்ளைப் பொம்மைகள், ஒரு கார், ஓர் ஓட்டோ, மாடு, நாய், ஒரு பாம்பு, பந்து, கடதாசி, வர்ணக்கட்டி, கோதுமை மாவில் உப்பும் தண்ணீரும் விட்டுக் குழைத்த ஓர் உருண்டை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் புளியங்கொட்டை, சோழி, மாபிள் போன்ற சிறிய சாமான் எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைத்துவிடும். ரி.வி. நிற்கட்டும். போன் வேறு அறையில் இருக்கட்டும். அரை மணித்தியாலம் முடியாத தாய்க்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே பாய்.

முதலாவது விதி, பிள்ளை முன்னுக்கு, நீங்கள் பின்னுக்கு. எதை எடுப்பது, எப்படி விளையாடுவது என்பது பிள்ளையின் விருப்பம். பிள்ளை காரைத் தலைகீழாக வைத்துச் சில்லைச் சுற்றினால், "அப்பிடியில்லை, இப்பிடி ஓட்டவேணும்" என்று பறிக்கவேண்டாம். நீங்களும் பக்கத்தில் ஓட்டோவைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றுங்கள். பிள்ளை ஒருமுறை உங்களைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைதான் எங்களுக்கு வேண்டிய முதல் வெற்றி.

இரண்டாவது, கேள்வியைக் குறைத்துக் கண்டதைச் சொல்லுங்கள். பிள்ளையைக் கண்டவுடன் நாங்கள் பரீட்சை வைக்கத் தொடங்கிவிடுவோம். "இது என்ன நிறம்? இது என்ன மிருகம்? சொல்லு பாப்பம்!" பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, "கார் போகுது... ஆ, விழுந்திட்டுது!" என்று சொல்லிவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து விநாடி மௌனம் எங்கள் பெண்களுக்கு மிகவும் கஷ்டமானது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை தன் முறையை எடுப்பது அந்த இடைவெளியில்தான். பிள்ளைக்கு ஒரு சொல் வந்தால் நீங்கள் இரண்டு சொல் சொல்லுங்கள். "கார்" என்றால் "சிவப்புக் கார்". அதற்குமேல் வேண்டாம்.

மூன்றாவது, உணர்ச்சிக்குப் பெயர் கொடுங்கள். "கோபம் வந்திட்டுது உனக்கு." "பொம்மைக்குப் பயமாக இருக்குது போல." அழும் பிள்ளையிடம் "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லுவது எங்கள் வழக்கம். பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் கிடைத்தால் பாரம் குறையும்.

நான்காவது, எல்லை. இங்கேதான் பேத்திமாரின் ஆட்சேபம் வரும். "பிள்ளை, நாங்கள் எட்டுப் பிள்ளை வளர்த்தனாங்கள். பிள்ளையோடை பிள்ளையாய் இருந்தால் பிறகு மரியாதை தருமோ?" என்று ஓர் அப்பம்மா என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. விளையாட்டில் எல்லாம் செய்யலாம் என்பதல்ல. பிள்ளை உங்களுக்கு அடிக்கக் கையோங்கினால் மூன்று வசனம் சொல்லுங்கள். "உனக்குக் கோபம். அம்மாவுக்கு அடிக்கிறதில்லை. அந்தத் தலையணைக்கு அடிக்கலாம்." உணர்ச்சியை ஏற்றுக்கொண்டோம், எல்லையைச் சொன்னோம், வேறு வழியைக் காட்டினோம். கத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அந்த அப்பம்மா இதை இரண்டு கிழமை செய்து பார்த்துவிட்டு, "அவன் இப்ப தலையணையைத் தேடிக்கொண்டு ஓடுறான்" என்று சிரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூன்றரை வயது மகன். தகப்பன் கட்டாரில். தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைப் பார்க்கிறாள். பிள்ளை குழப்படி செய்யாமல் இருக்க போனில் காட்டூன் போட்டுக் கொடுப்பாள். அவன் ஆங்கிலத்தில் நூறு வரை எண்ணுவான். "அம்மா" என்று கூப்பிடமாட்டான். ஓட்டிசம் என்று கண்டோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை தேவையில்லை, நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. ஆனால் தனியாக உழைக்கும் அந்தப் பெண்ணிடம் "போன் கொடுக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்புவது இரக்கமில்லாத வேலை. கொடுக்காமல் என்ன செய்வது என்பதையும் காட்டவேண்டும். அவளுடைய தையல் மெசினுக்குப் பக்கத்திலேயே பாயைப் போடச் சொன்னோம். வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளும் வெறும் நூற்கட்டைகளும்தான் விளையாட்டுச் சாமான். நூற்கட்டையை அவள் உருட்டுவாள், அவன் பார்ப்பான். கொஞ்ச நாளில் அவன் உருட்டினான், அவள் பிடித்தாள். ஐந்தாவது மாதம் ஒரு நாள் நூற்கட்டையைக் கொண்டுவந்து அவளுடைய கையில் வைத்து, "உருட்டு" என்றான். அவன் இன்றைக்கும் ஓட்டிசம் உள்ள பிள்ளைதான். ஆனால் ஒன்றை வேண்டி ஓர் ஆளிடம் வரத் தெரிந்த பிள்ளை. தகப்பனும் இப்போது வீடியோ அழைப்பில் அங்கே ஒரு போத்தல் மூடியை உருட்டிக் காட்டுகிறார்.

இரண்டாவது, ஐந்து வயது மகள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. "அப்பா வெளிநாடு போயிட்டார்" என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பிள்ளை முன்பள்ளியில் மற்றவர்களைக் கிள்ளத் தொடங்கியது, இரவில் படுக்கையை நனைத்தது. பாயில் இருத்தி விளையாட விட்டபோது, ஆண் பொம்மையை எடுத்துத் துணியால் மூடியது, திறந்தது, மூடியது. நாலு அமர்விலும் அதேதான். தாய் பக்கத்தில் இருந்து, நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி, "பொம்மை போயிட்டுது... தேடிக்கொண்டிருக்கினம்..." என்று மட்டும் சொன்னாள். நாலாம் நாள் பிள்ளை தாயைப் பார்த்து, "இது வெளிநாடு போகேல்லை, தண்ணியிலை" என்றது. அதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்ல அதற்கு ஆளில்லாமல் இருந்தது. அன்றைக்குத் தாயும் மகளும் ஒன்றாக இருந்து அழுதார்கள். அதன்பின் அந்த வீட்டில் அப்பாவின் படத்துக்கு விளக்கு வைத்தார்கள். படுக்கை நனைவது படிப்படியாக நின்றது. மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை.

முன்பள்ளி ஆசிரியைகளே, இந்தப் பிள்ளை கிள்ளத் தொடங்கியபோது அதன் ஆசிரியை "கெட்ட பிள்ளை" என்று நிறுத்தாமல், "ஏன் இந்தப் பிள்ளை மாறிப்போச்சு?" என்று கேட்டுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னதால்தான் அது எங்களிடம் வந்து சேர்ந்தது. உங்களுக்கு இருக்கும் சிரமங்கள் எனக்குத் தெரியும். ஒரு வகுப்பில் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். கையில் கிடைக்கும் கொடுப்பனவு போக்குவரத்துக்கே போதாது. பெற்றோரோ "எப்ப எழுதப் பழக்குவியள்?" என்று வாசலில் நிற்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பிள்ளையின் கொப்பி வரைக்கும் நீண்டிருக்கிறது. பென்சில் பிடிக்க விரல்களில் பலம் வேண்டும். அந்தப் பலம் மாக்குழைப்பதிலும் மணல் அள்ளுவதிலும் வருகிறது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் வைத்தியர்களும் வந்து சொல்லவேண்டும். கூப்பிடுங்கள், வருகிறோம்.

வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. கஷ்டப்படும் பிள்ளைக்கு ஒரு நாளில் ஐந்து நிமிடம், மற்றப் பிள்ளைகள் வந்து சேருவதற்கு முன், நீங்களும் அதுவும் மட்டும் விளையாடுங்கள். அன்றைய ஒழுங்கைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள்: கும்பிடுதல், பாட்டு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். சத்தம் தாங்காத பிள்ளை போய் இருப்பதற்கு ஒரு மூலையில் சாக்கோ பாயோ போட்டு வையுங்கள். அன்பான சுபாவமுள்ள ஒரு பிள்ளையைத் துணையாக விடுங்கள். ஒரு சின்னக் கொப்பியை வீட்டுக்கும் முன்பள்ளிக்கும் இடையில் போய்வர விடுங்கள். அதில் முறைப்பாடு எழுதவேண்டாம். "இன்று பந்தை எனக்கு உருட்டினான்" என்று ஒரு வரி. அதை வாசிக்கும் தாய் அன்றிரவு பாயில் பந்தை எடுத்து வைப்பாள். தாயும் ஆசிரியையும் ஒரே விளையாட்டை விளையாடும்போது பிள்ளை இரட்டிப்பாகப் படிக்கும்.

இனி, எங்களைப் பற்றிச் சொல்லவேண்டிய ஒன்று. குப்பிவிளக்கில் படித்து, பதுங்கு குழிக்குள் கொக்கான் வெட்டி, 1995 இடப்பெயர்வில் புத்தகப்பையைச் சுமந்து நடந்த தலைமுறை நாங்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பட்டது இன்னும் அதிகம். 2009இல் வன்னியில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று எனது கிளினிக்கில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய் தகப்பன்மார். "சத்தம் போடாதே, அசையாதே, கேள்வி கேளாதே" என்பதுதான் அவர்களைக் காப்பாற்றிய வளர்ப்பு. அந்த வளர்ப்பு உயிரைக் காத்தது. ஆனால் இன்றைக்கு அவர்களுடைய பிள்ளை வீட்டில் சத்தம் போட்டு ஓடும்போது, அவர்களுடைய உடம்பு இன்னும் பதறுகிறது. பாயில் இருந்து பொம்மையைக் கையில் எடுக்கச் சொன்னபோது, ஓர் இளம் தகப்பன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு விளையாடத் தெரியாது டொக்டர், என்னோடை ஒருத்தரும் விளையாடேல்லை" என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தச் சிகிச்சை. அவர் இப்போது கிளித்தட்டு மறிக்கிறார், மகனைத் தோளில் வைத்துக்கொண்டு.

இது எங்கள் மண்ணுக்குப் புதிய அனுபவமும் அல்ல. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. போரால் நொந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். பிள்ளையின் மனம் ஆறுவதற்கு விளையாட இடமும் கூட இருக்கப் பெரியவரும் வேண்டும் என்பதை எங்கள் மக்கள் குண்டுச் சத்தத்துக்கு நடுவிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்கு விளையாட உரிமை உண்டு என்று சொல்லும் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றிருக்கிறது. அதன் 31ஆவது உறுப்புரையில் அது இருக்கிறது.

வைத்தியர் என்ற முறையில் சில எச்சரிக்கைகளையும் சொல்லவேண்டும். விளையாட்டு ஓட்டிசத்தை மாற்றும் மருந்தல்ல. பிள்ளை தொடர்புகொள்ளவும், படிக்கவும், தன் உணர்ச்சியைக் கையாளவும் அது வழிசெய்கிறது. "மூன்று மாதத்தில் முற்றாக மாற்றித் தருகிறோம்" என்று காசு கேட்பவர்களை நம்பவேண்டாம். அடுத்தது, காத்திருக்கவேண்டாம். ஒரு வயதாகியும் மழலை ஒலியோ கைகாட்டலோ இல்லை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்லவில்லை, எந்த வயதிலாவது வந்த பேச்சு நின்றுபோனது என்றால், உடனே குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ காட்டுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை, தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் போன பிள்ளைகளைக் காண்கிறேன். பிள்ளையின் மூன்றாவது வயது ஒருமுறைதான் வரும்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "வீட்டிலை தமிழும் வெளியிலை ஆங்கிலமும் எண்டபடியால்தான் பிள்ளை கதைக்கப் பிந்துதோ?" என்று. இல்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அப்படியே. உங்களுக்கு எந்த மொழியில் சிரிப்பும் தாலாட்டும் செல்லப்பெயரும் தானாக வருகிறதோ அந்த மொழியில் பிள்ளையோடு விளையாடுங்கள். தெரியாத மொழியில் பாடம் எடுக்கும் அம்மாவைவிடத் தெரிந்த மொழியில் விளையாடும் அம்மா பிள்ளைக்கு மேல். அத்தோடு ஒரு வேண்டுகோள். ஊரில் இருக்கும் மருமக்களுக்கும் பெறாமக்களுக்கும் அன்போடு ஐபாட் அனுப்புகிறீர்கள். அடுத்தமுறை ஒரு பந்தும், நீங்கள் வந்து நிற்கும் நாட்களில் அரை மணித்தியாலமும் கொடுத்துப் பாருங்கள்.

சங்கத்திடமும் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். முதலாவது, அயலில் உள்ள முன்பள்ளி ஆசிரியைகளுக்கு வருடத்தில் ஒருமுறை இந்த மண்டபத்திலேயே பயிற்சி வையுங்கள். பயிற்சி நாட்களுக்கான கொடுப்பனவையும் பஸ் காசையும் சங்கம் கொடுக்கட்டும். ஊஞ்சலும் சறுக்கியும் வாங்கிப் பெயர்ப்பலகை வைப்பதைவிட அது நீண்டகாலம் நிற்கும். இரண்டாவது, மனையியல் படிக்கும் எங்கள் மாணவிகள் துணிப் பொம்மைகளைத் தைத்து விளையாட்டுப் பெட்டிகளைத் தயாரிக்கட்டும். ஒரு பெட்டியின் பெறுமதி பெரிதல்ல. முதல் வருடம் நூறு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, ஆரம்பப் பிரிவில் ஓர் அறையை மாதத்தில் இரண்டு சனிக்கிழமை திறந்து விடுங்கள். பெற்றோரும் பிள்ளைகளும் வந்து பாயில் இருந்து விளையாடட்டும். நானும் எனது சக வைத்தியர்களும் முறைவைத்து வந்து நிற்போம். விசேட தேவையுள்ள பிள்ளையின் தாய் ஊர்க் கண்ணுக்கு அஞ்சி வீட்டுக்குள் இருப்பதை நான் அறிவேன். எங்கள் கல்லூரி வாசலால் அவள் பிள்ளையோடு நிமிர்ந்து வரும் நாள், இந்த நூற்றாண்டு விழாவின் மிகச் சிறந்த நாளாக இருக்கும்.

இந்தக் கல்லூரி நூறு வருடமாகப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. அடுத்த நூறுக்கு, எழுத்துக்கு முந்திய அந்தச் சின்ன வயதையும் எங்கள் பொறுப்பாக ஏற்போம். இன்று வீட்டுக்குப் போனதும், அங்கே ஒரு சிறுபிள்ளை இருந்தால், பக்கத்தில் போய் நிலத்தில் இருங்கள். ஒன்றும் கேட்கவேண்டாம். அது என்ன செய்கிறது என்று கொஞ்ச நேரம் பாருங்கள். மிச்சத்தைப் பிள்ளையே காட்டித்தரும்.